விரல் நகத்தளவு தக்காளி

கோவை சாயிபாபா காலனியில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஸ்டுடியோ. ஐந்தாறு பேர் சேர்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனில் ஆடுகிற மாதிரியான சின்னச் சின்ன விளையாட்டுகளைச் செய்கிறார்கள். நான் போன சமயத்தில் காய்கறித் தள்ளுவண்டி விளையாட்டு ஒன்று தயாராகி, கூகுள் பிளே கடையேறக் காத்திருந்தது. வண்டியில் குவிந்து கிடக்கும் காய் ஒன்றைத் தொட்டால் கீழே இருக்கும் தட்டுக்கு வரும். ஒரே காய் மூன்று சேர்ந்தால் மறையும். தட்டில் ஏழே இடம். அது நிரம்பினால் ஆட்டம் முடிந்தது. எனக்கு அந்த ஆட்டத்தைவிட, கடையில் அதற்கு முகமாக நிற்கப்போகும் படங்களையும் நாலு வரி எழுத்தையும் செய்கிறவர்கள்மேல்தான் ஆர்வம்.

ஓவியர் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த பெண். அவர் திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. பெரியதில் ஐகான் 512க்கு 512 பிக்சலில் இருந்தது. கூகுள் பிளே கேட்கிற அளவு அது. ஓரத்தில் இருந்த குட்டி ஜன்னலில் அதே படம் விரல் நகத்தளவுக்குச் சுருங்கியிருந்தது. பெரியதில் வரைந்தாலும் அவர் கண் குட்டியிலேயே இருந்தது. "வாங்குறவங்க பாக்கப் போறது இதைத்தானுங்க" என்றார்.

முதலில் வரைந்ததையும் திறந்து காட்டினார். குடை, தராசு, தலைப்பாகைக்காரர், வண்டிச் சக்கரம், ஏழெட்டு வகைக் காய். பெரிதாகப் பார்த்தால் காலண்டரில் போடலாம், அத்தனை அழகு. சிறிதாக்கினால் என்னவென்றே புரியவில்லை. ஒவ்வொரு லேயராக அணைத்துக்கொண்டே வந்தார். தராசு போயிற்று, குடை போயிற்று, ஆளும் போனார். கடைசியில் மிஞ்சியவை மூன்று தக்காளிகள். "ஆட்டமே மூணு சேர்க்குறதுதானே. இதைப் பார்த்தாலே கைக்கு வேலை புரிஞ்சிரும்."

பின்னணிக்கு இலைப்பச்சை போட்டிருந்தார். சிவப்பும் பச்சையும் எதிர்நிறங்கள், எடுப்பாகத்தான் இருந்தது. அவர் ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினார். தக்காளியும் பின்னணியும் ஒரே சாம்பல் நிறமாகி, பழம் காணாமல் போனது. நிறம் வேறாக இருந்தாலும் வெளிச்சம் ஒன்றாக இருந்ததுதான் காரணம். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத கண்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்றார். பின்னணியை வெளிர் மஞ்சளுக்கு மாற்றினார். பழங்கள் முன்னால் வந்து நின்றன. பழத்தின்மேல் இருந்த நாலைந்து பளபளப்புப் புள்ளிகளை அழித்து ஒன்றை மட்டும் பெரிதாக வைத்தார். மூலைகளை வளைக்கவில்லை, வெளிநிழலும் போடவில்லை. அந்த இரண்டையும் கூகுளே செய்துகொள்கிறது. நாமும் செய்தால் இரட்டை விளிம்பு தெரியும்.

கடைப் பக்கத்தின் அகலப் படம் 1024க்கு 500 பிக்சல். முன்னோட்ட வீடியோ சேர்த்தால் இதுவே அதற்கு அட்டைப்படம். நட்டநடுவில் பிளே பொத்தான் வந்து உட்காரும். அதனால் தள்ளுவண்டியை ஒரு பக்கமும் விளையாட்டின் பெயரை மறுபக்கமும் வைத்து, நடுவை வெறும் தெருவாக விட்டிருந்தார். ஸ்கிரீன்ஷாட்டுகளில் முதலாவது, தட்டில் ஆறு இடம் நிரம்பி ஒன்று மட்டும் காலியாக இருக்கும் கணம். அடுத்து எதைத் தொடுவது என்று பார்க்கிறவரின் கை தானாகத் தேட ஆரம்பிக்கிறது. பரிசுப் பெட்டி, நாணய மழை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

எழுத்து வேலையை ஒரு இளைஞர் பார்க்கிறார். கூகுள் பிளேயில் பெயருக்கு 30 எழுத்து, சுருக்க விவரத்துக்கு 80, முழு விவரத்துக்கு 4000. 2021இல் வந்த விதிகளுக்குப் பிறகு பெயரிலும் ஐகானிலும் 'இலவசம்', 'நம்பர் ஒன்' என்றெல்லாம் தட்டிவிட முடியாது. கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீமிலும் 2022 செப்டம்பரிலிருந்து அட்டைப்படத்தில் விளையாட்டின் ஓவியமும் பெயரும்தான். விருது, விமர்சன மேற்கோள், தள்ளுபடி எதற்கும் இடமில்லை. ஆக, கூவி விற்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, விஷயத்தைச் சொல்வது மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

தமிழில் அந்த 80 இன்னும் இறுக்கம். 'தட்டு' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. மெய்யின் புள்ளியும் உகரக் கொக்கியும் தனித்தனிக் கணக்கு. அவர் முதலில் எழுதியிருந்த வரியில் 'சுவாரசியமான', 'அற்புதமான', 'மூளைக்கு விருந்து' எல்லாம் இருந்தன. பாதி இடத்தை அவையே தின்றுவிட்டன. அத்தனையையும் எடுத்துவிட்டு, நான் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி முடித்தார்: 'ஒரே காய் மூன்று சேர்ந்தால் காலி. ஏழு இடம்தான், தட்டு நிரம்பாமல் எடுங்கள்.' 73. விதி, ஆபத்து, ஆடுகிறவரின் வேலை மூன்றும் அதில் வந்துவிட்டன. முழு விவரத்திலும் முதல் இரண்டு வரிகளுக்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறார். மிச்சத்தை விரித்துப் படிப்பவர்கள் குறைவு என்பது அவருக்குத் தெரியும்.

சண்டை வந்தது ஐகானில்தான். வெளியிட உதவும் கூட்டாளி ஒருவர், அழுகிற வியாபாரியின் முகம் வேண்டும் என்று கேட்டிருந்தார். கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. மனிதக் கண் முகத்தை முதலில் பிடிக்கும். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டின் ஐகானில் வந்த வாய் பிளந்த வீரனுக்குப் பிறகு, கத்தும் முகம் கடை முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் தள்ளுவண்டி விளையாட்டில் அழுகிறவர் யாருமே இல்லை. இந்த வழி எங்கே போய் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற போன் விளையாட்டுகளின் விளம்பரங்கள் கம்பியை உருவும் புதிர்களைக் காட்டின; உள்ளே போனால் பெரும்பாலும் மூன்றைச் சேர்க்கும் ஆட்டம். 2020இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அவற்றில் இரண்டு விளம்பரங்களை, தவறாக வழிநடத்துகின்றன என்று சொல்லி நிறுத்தச் சொன்னது.

"மேல நல்ல தக்காளியை அடுக்கி அடியில சொத்தையைப் போட்டுக் கொடுத்தா, நாளைக்கு அந்த வண்டிப் பக்கம் யாருங்க வருவாங்க?" என்றார் ஓவியர். கூட்டாளி அசையவில்லை. விளையாட்டு கடையேறியதும் இரண்டையும் சோதித்துப் பார்ப்பதென்று முடிவானது. கூகுள் பிளேயிலேயே அதற்கு வசதி இருக்கிறது. வருகிறவர்களில் ஒரு பங்குக்கு ஒரு ஐகானும் இன்னொரு பங்குக்கு மற்றொன்றும் காட்டி, எதற்கு எத்தனை பேர் இறக்கினார்கள் என்று எண்ணித் தரும். ஒரு தடவையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். வாரநாளும் ஞாயிறும் அடங்க ஒரு வாரமாவது ஓடவிட வேண்டும். ஐகானையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து மாற்றினால் ஜெயித்தது எது என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சோதனையில் எதை அளப்பது என்று கேட்கும் இடத்தில் இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று, முதன்முறை இறக்கியவர்கள். மற்றது, இறக்கி ஒரு நாளாவது போனில் வைத்திருந்தவர்கள். சோதனை ஓடி முடிந்தபோது, முதலாவதை மட்டும் பார்த்தால் அழும் முகம் முந்தியிருந்தது. இரண்டாவதில் தக்காளி. அழுகையைத் தேடி வந்தவர்கள் காய்களைப் பார்த்ததும் அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓவியர் வாதாடவே இல்லை. அந்த இரண்டாவது எண்ணைத் திரையில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

இந்தத் தொழிலில் வேலை செய்கிறவருக்குச் செல்வாக்கு குறைவு. கடைப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், ஓவியர் பெயருக்கு இடமில்லை. வெளி வேலையாக வருகிற ஐகான்களில் ஒன்று தேறினால் மிச்சமெல்லாம் குப்பைக்குத்தான். 'இன்னும் கொஞ்சம் கண்ணைப் பறிக்கணும்' என்பதே அவர்கள் அதிகம் கேட்கும் திருத்தம். அப்படிப்பட்ட இடத்தில் நேர்மையான படம் வேண்டும் என்று மனசாட்சியைச் சொல்லி ஜெயிப்பது கஷ்டம். மறுநாள் எத்தனை பேர் தங்கினார்கள் என்ற எண் இருந்தால் ஜெயிக்கலாம். வரையத் தெரிந்த கைக்கு அந்த எண்ணைப் படிக்கவும் தெரிய வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு எந்தக் கல்லூரியாவது அதையும் சொல்லித் தந்தால் நல்லது.