மணியைப் பார், 108-ஐக் கூப்பிடு



அக்காவுக்குப் பக்கவாதம் வந்த அன்று, முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொண்ட பெண் முதலில் மேலாளருக்குப் போன் செய்தாள். அவர் எனக்கு. 108-ஐ யாரும் கூப்பிடவில்லை. இடையில் தண்ணீர் வேறு புகட்டியிருக்கிறார்கள்; விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்றார் டாக்டர். யாருக்கும் தெரியவில்லை. ஊசி போடவில்லை.

அந்தப் பெண்ணைத் திட்டிவிட்டேன். தப்பு. கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கூடாது என்பது அங்கே விதியாம். சேர்க்கும்போது நானும் அதை விசாரிக்கவில்லை.

இப்போது அக்கா என் வீட்டில். பார்த்துக்கொள்ள வரும் பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: வாய் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ மணியைப் பார், 108-ஐக் கூப்பிடு, அப்புறம் எனக்குச் சொல். சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன், அதே பழைய கரும்பலகைக் கையெழுத்தில்.