மலைநாட்டு ரயிலும் மூன்று வயது மகளும்



நுவரெலியாவைப் பற்றி எழுத வருகிறவர்கள் குளிரில் தொடங்குவார்கள். கிரகரி வாவி, ஹக்கலை ரோஜாத் தோட்டம், தேயிலை மலைகள் என்று போவார்கள். நானும் அவற்றையெல்லாம் பார்த்தவன்தான். ஆனால் மடியில் ஒரு சிறு பிள்ளையை வைத்துக்கொண்டு பயணம் போகிற ஒரு தாயின் மனதில் முதலில் நிற்பது வாவியுமல்ல, ரோஜாவுமல்ல. "வழியில் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தால் எங்கே கொண்டு போவது?" என்ற கேள்விதான் நிற்கிறது. வீட்டிலுள்ள ஆண்கள் வானுக்குப் பேசுவோம், டிக்கட் எடுப்போம், சாப்பாட்டுக்கு ஹலால் கடை எங்கே என்று விசாரிப்போம். அந்தக் கேள்வியை மாத்திரம் உங்களிடம் விட்டுவிடுவோம். நானும் பல வருடங்கள் அப்படி விட்டவன். ஆகவே இது ஊர் பார்த்த கதையும்தான், என் குற்றத்தை நானே சொல்கிற கதையும்தான்.

2017 டிசம்பர் விடுமுறை. எங்கள் ஊர் கண்டிக்குப் பக்கம். கண்டியிலிருந்து காலை ஒன்பது மணியளவில் புறப்படும் வண்டியில் நானுஓயா வரை போவதென்று முடிவு. அந்தக் காலத்தில் நாலு மணித்தியாலப் பயணம் அது. மூத்த பையன்கள் இருவரும் ஜன்னலைப் பிடித்துக் கொண்டார்கள். மனைவியின் கையில் ஆறு மாதக் கைக்குழந்தை. மகளுக்கு மூன்று வயது ஆகிக்கொண்டிருந்தது. அவளுக்கு பேம்பர்ஸை நிறுத்தி இரண்டு மாதம்தான் இருக்கும். அந்த இரண்டு மாதமும் மனைவி பட்ட பாட்டை நான் மத்ரஸாவிலிருந்து வந்து கேட்பதோடு சரி. வீட்டில் அவள் பழகியது ஒரு சிவப்பு நிற பிளாஸ்டிக் சட்டியில். அது எங்கள் குளியலறை மூலையில், அவளுக்குத் தெரிந்த இடத்தில் இருந்தது. அந்தச் சட்டியை நாங்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

கம்பளை, நாவலப்பிட்டி தாண்டிய பிறகு பாதை மேலே ஏறத் தொடங்கும். வண்டி வளைந்து வளைந்து மெதுவாகப் போகும். வட்டவளைப் பக்கம் வருகிறபோது மகள் என் ஜுப்பாவைப் பிடித்திழுத்து, "வாப்பா, சூ வருது" என்றாள். மனைவி முந்தானைக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நான்தான் எழுந்தேன்.

பழைய பெட்டிகளின் கக்கூஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குந்தும் இடத்தின் துவாரத்தால் கீழே பார்த்தால் தண்டவாளமும் சல்லிக் கல்லும் ஓடிக்கொண்டிருக்கும். இரும்புச் சத்தம் அப்படியே மேலே வரும். பெரியவர்களான நமக்கு அது ஒன்றுமில்லை. மூன்று அடி உயரமில்லாத ஒரு பிள்ளைக்கு அது தன்னை விழுங்க வாய் திறந்திருக்கிற ஒரு குழி. அவள் என் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வராது வாப்பா, வராது" என்று அழுதாள். நான் வராதென்றால் வராதுதான் என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இது முதல் பிழை. பயத்தில் வராது என்று சொல்கிற பிள்ளைக்கு தேவை போய்விடவில்லை, அடக்கிக் கொண்டிருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

ஹட்டனில் ஒரு வயதான தோட்டத்து அம்மா ஏறி எதிரே அமர்ந்தார். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில்தான் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேல் நீளம். வண்டி உள்ளே நுழைந்ததும் வழமைபோல பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரும் கூவத் தொடங்கினார்கள். என் மடியிலிருந்த மகள் விறைத்துப் போனாள். வெளிச்சம் வந்தபோது என் வெள்ளை ஜுப்பா முழங்காலுக்குக் கீழ் வரை நனைந்திருந்தது.

நான் ஏசினேன் சகோதரிகளே. அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கேட்க, "இவ்வளவு பெரிய புள்ள, வெட்கமில்லையா?" என்று ஏசினேன். மனைவி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்து அம்மாதான் தன் பையிலிருந்து பழைய துணியொன்றை எடுத்து நீட்டினார். "ஏசாதீங்க ஐயா, இருட்டுல பயந்துருச்சு புள்ள" என்றார்.

அந்த வருடம்தான் நான் மத்ரஸாவில் தஹாரத் பாடம் நடத்தியிருந்தேன். பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியைத் தோழர்கள் தடுக்க எழுந்தபோது, அவரை விட்டுவிடுமாறு சொல்லி, பிறகு அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் செய்த நபி (ஸல்) அவர்களின் சம்பவத்தை மாணவர்களுக்கு எத்தனையோ தடவை விளக்கியவன் நான். வயது வந்த ஒரு மனிதருக்கு, அதுவும் பள்ளிவாசலில் கிடைத்த பொறுமை, என் மடியில் இருந்த பிள்ளைக்கு என்னிடம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய பாடு. நானுஓயாவில் இறங்கியும் அவள் போக மறுத்தாள். அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் நுவரெலியா. தங்கிய இடத்தில் நல்ல சுத்தமான கொமட் இருந்தது. அதிலும் உட்காரவில்லை. பிற்பகல் முழுதும் காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். இரவு படுக்கையில்தான் போனது. மலமோ இரண்டு நாளாக இறங்கவில்லை. வாவிக்கரையில் பையன்கள் குதிரை பார்த்துக் கொண்டிருக்க, மனைவி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றார். மூன்று நாளில் அவர் பார்த்த நுவரெலியா அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் அவருக்குத் தலைச்சுற்று. கேட்டபோது சொன்னார்: "காலையில இருந்து ஒரு மொடக்குத் தண்ணி குடிக்கல்ல. குடிச்சா எனக்கும் போகணும். ரெண்டு புள்ளயளயும் யாரு பாக்கிற?" பால் கொடுக்கிற தாய்! எத்தனை பயணம் இப்படிப் போயிருப்பார் என்று நான் எண்ணிப் பார்க்கவும் பயந்தேன். இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் அப்படிப் போகிறீர்களோ, உங்கள் வீட்டு ஆண்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ, இந்தப் பக்கத்தை அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் விரித்து வையுங்கள்.

ஊருக்கு வந்து எங்கள் குடும்ப டொக்டரிடம் கேட்டு விளங்கிக்கொண்டவற்றைச் சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை ஒரு சிறிய தேத்தண்ணீர்க் கோப்பை அளவுதான் கொள்ளும். நிறைகிறதென்ற உணர்வும் அந்த வயதில் பிந்தித்தான் வரும். "வருது" என்று பிள்ளை சொன்னால் உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஓரிரு நிமிடம்தான். விளையாட்டில் இருந்தால் அதுவும் இல்லை. மலைநாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. குளிர் பட்டால் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உள்ளுக்குத் தள்ளப்படும். சிறுநீரகம் அதைக் கண்டு மேலதிக நீரை வெளியே அனுப்பும். ஊரில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போகிற பிள்ளை நுவரெலியாவில் ஒரு மணித்தியாலத்தில் கேட்பது அதனால்தான். குறும்பல்ல.

இதற்குப் பயந்து பிள்ளைக்குத் தண்ணீரைக் குறைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். நீர் குறைந்தால் சிறுநீர் கடுத்து எரியும், மலம் இறுகும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்த, நனைப்பது கூடுமே தவிரக் குறையாது. போகும்போது வலிக்கிறது என்று அழுதாலோ, காய்ச்சல் கண்டாலோ, பயணத்தை விட்டுவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைகளைக் கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுவதை மறக்க வேண்டாம்.

2018 இல் நாங்கள் மறுபடி தொடங்கியது தூரத்தில் அல்ல, பேராதனைப் பூந்தோட்டத்தில். 147 ஏக்கர் நிலம். பிள்ளை ஓடுவதற்கு அதைவிட நல்ல இடமில்லை. இந்த முறை மகள் என் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வாசலால் நுழைந்ததும் பூவைப் பார்க்க முதல் மலசலகூடம் எங்கே இருக்கிறதென்று அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "தேவையென்றால் இங்கே வருவோம், சரியா மகள்?" என்றேன். இடத்தை முன்கூட்டிக் கண்ட பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது. ஆனால் அந்தத் தோட்டத்தின் மறுகோடியில், மகாவலி வளைந்தோடும் பக்கம் நிற்கும்போது அவளுக்கு வந்துவிட்டால் வாசல் வரை ஓட முடியுமா?

அதற்குத்தான் என் மாமியார் சொல்லித் தந்த ஐஸ்கிரீம் டப்பா. இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் வருகிற, இறுக மூடக்கூடிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. வீட்டில் ஒரு வாரம் அந்தச் சிவப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து அதிலும் பழக்கினோம். பையில் அதோடு என் பழைய சாரம் ஒன்று, தண்ணீர்ப் போத்தல், இரண்டு மாற்று உடுப்பு, ஈரத்தைப் போட ஷொப்பிங் பேக். ஓர் ஒதுக்குப்புறத்தில் சாரத்தைச் சுற்றிப் பிடித்தால் அவளுக்கு ஒரு சின்ன அறை. முடிந்ததும் டப்பாவை மூடிக் கொண்டுவந்து மலசலகூடத்தில் ஊற்றிக் கழுவுவது. மனிதர் நடக்கும் பாதையிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் தேவையை நிறைவேற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். "சின்னப் பிள்ளைதானே" என்று மரத்தடியில் விடுகிற நம் பழக்கத்தை இந்த டப்பா நிறுத்தியது.

மலசலகூடத்தைத் தேடுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். வழியிலுள்ள சாப்பாட்டுக் கடைகளில் ஒரு பிளேன்டீ எடுத்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பள்ளிவாசல்களில் வசதியிருக்கும், ஆனால் பெண்களுக்குத் தனியிடம் எல்லாப் பள்ளியிலும் இல்லை. (பள்ளி நிருவாகத்தில் இருக்கும் சகோதரர்கள் இதை யோசிக்க வேண்டும். பயணத்தில் வருகிற ஒரு பெண் வாசலில் நின்று திரும்பிப் போவது நமக்கு அழகல்ல.) வாப்பாமார் மகளைக் கூட்டிப் போகும்போது ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமா என்று தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன். ஆண்கள் பக்கம் கதவுள்ள அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடுவதுதான் நான் கண்ட வழி. குந்தும் இடத்தில் பிள்ளையை இரு கையாலும் தாங்கிப் பிடியுங்கள். "விழமாட்டாய், வாப்பா பிடித்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

தொழுகையைப் பற்றிப் பல சகோதரிகள் கேட்பதுண்டு. உடுப்பில் பட்டுவிட்டது என்று பயணம் முடியும் வரை தொழாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு கஷ்டம் மார்க்கத்தில் இல்லை. தாய்ப்பால் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீருக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும் என்ற சலுகை உண்டு. சோறு தின்னத் தொடங்கிய பிள்ளைக்கும் பெண் குழந்தைக்கும் கழுவத்தான் வேண்டும். ஆனால் கழுவுவதென்றால் முழு உடுப்பையும் அல்ல. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பட்ட இடத்தின் மேல் நன்றாகத் தண்ணீர் ஊற்றினால் நம் ஷாபிஈ மத்ஹபின்படி அது சுத்தம். ஒரு போத்தல் தண்ணீர் போதும். அந்த நானுஓயா நிலையத்தில் நானும் அப்படித்தான் ஜுப்பாவைச் சுத்தம் செய்தேன். நன்றாகக் காய்ந்த நஜீஸ் உலர்ந்த உடுப்பில் பட்டால் ஒட்டாது என்பதால், நனைந்து காய்ந்த ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டோமே என்று கவலைப்படவும் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் நனைந்த உடுப்பை நேரே வாளித் தண்ணீருக்குள் போடாதீர்கள். கொஞ்சத் தண்ணீருக்குள் நஜீஸ் போனால் தண்ணீரும் நஜீஸாகும், கூட ஊறுகிற உடுப்பும் நஜீஸாகும். முதலில் குழாயடியில் பிடித்து மேலால் ஊற்றிவிட்டுப் பிறகு ஊறப் போடுங்கள்.

பயணத்துக்கு மாத்திரம் பேம்பர்ஸ் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். இரவு நீண்ட பயணமென்றால் போடுங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை. பகலில் போட்டால் பிள்ளை குழம்பிப் போவதைத்தான் நான் பார்த்தேன். போட்டாலும் நேரத்துக்கு நேரம் கூட்டிப் போவதை விடவேண்டாம்.

2018 ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு மீண்டும் அதே பாதையில் போனோம். (2025 நவம்பரில் வந்த டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை கடுமையாகச் சேதமடைந்தது. நீங்கள் போவதானால் வண்டி எதுவரை ஓடுகிறதென்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.) இந்த முறை மனைவி ஜன்னலோரம். கையில் தண்ணீர்ப் போத்தல். கடைக்குட்டி மூத்தவனின் மடியில். கண்டியில் ஏறும் முன் ஒருமுறை, நாவலப்பிட்டி தாண்டி ஒருமுறை என்று மகளைக் கூட்டிப் போனேன். ரயிலின் கக்கூஸுக்குள் குழிக்குப் பக்கம் போகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவை வைத்தேன்.

வண்டி ஹட்டனை நெருங்கும்போது, நான் ஒன்றும் சொல்லாமலே அவள் இறங்கி நின்று என் கையைப் பிடித்தாள்.

"வாப்பா, முதல்ல சூ. பொறகு இருட்டு."

போய்விட்டு வந்து அமரவும் சுரங்கம் வரவும் சரியாக இருந்தது. இருட்டுக்குள் எல்லோரும் கூவினார்கள். பக்கத்திலிருந்து மெல்லிய ஒரு கூவல் கேட்டது. மகள்தான் என்று நினைத்தேன். வெளிச்சம் வந்தபோது மகளும் உம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தார்கள். யார் கூவியது என்று இருவரும் இன்று வரை சொல்லவில்லை.