நாலு நாள் போகாத வகுப்பு

ஆனி பிறந்துவிட்டால் விருத்தாசலம் கடைவீதித் துணிக்கடைகளில் இரண்டு கூட்டம் நிற்கும். ஒன்று கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த கூட்டம். மற்றது கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளோடு வந்த கூட்டம். இரண்டாவதை நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். அம்மா கையில் ஒரு சுடிதார் இருக்கும், மகள் கண் வேறொன்றின் மேல் இருக்கும்.

என் பேத்திக்குத் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் கிடைத்தது. சீட்டு கிடைக்க வேண்டும் என்று என் மருமகள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், வேண்டுதலைப் பிராதாக எழுதிக் கட்டிவிட்டு வந்திருந்தாள். இடம் உறுதியான அன்று ராத்திரியே பேத்தி செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். ஒரே வாரத்தில் நாலு பார்சல் வந்தது. பக்கவாட்டில் பை வைத்த கார்கோ பேண்ட், இரண்டு குர்தி, அப்புறம் தோள்பட்டை முழங்கை வரை இறங்குகிற ஒரு டி-ஷர்ட்.

"இது யாருதும்மா?"

"என்னோடதுதான் தாத்தா. ஓவர்சைஸ். இப்படித்தான் இருக்கும்."

மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. "படிக்கப் போறியா, டிரஸ் காட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டான். பிள்ளை சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். இந்த விஷயத்தில் நான் மகன் பக்கம் பேசவில்லை. 1976-இல் எனக்கு நடந்ததுதான் காரணம்.

அந்த வருஷம் நான் பி.யு.சி. சேர்ந்தேன். அப்பாவுக்குப் பீங்கான் பட்டறையில் சூளை அடுக்குகிற வேலை. ஊரெல்லாம் பெல்பாட்டம் பரவியிருந்த காலம். அப்பா கூலியில் முன்பணம் வாங்கி டெரிகாட்டன் துணி எடுத்துக் கொடுத்தார். டெய்லர் பக்கத்திலேயே நின்று, கால் அகலம் இருபத்தாறு அங்குலம் வேண்டும் என்று அடம்பிடித்துத் தைத்து வாங்கினேன். மூன்றாம் நாள் அது சைக்கிள் செயினில் மாட்டி முழங்கால் வரை கிழிந்தது. கிழிசல் முழுக்க கிரீஸ்.

"வேட்டி கட்டிக்கிட்டுப் போடா" என்றார் அப்பா. நான் போகவில்லை. டெய்லர் ஒட்டுப் போட்டுத் தரும்வரை நாலு நாள் வீட்டிலேயே கிடந்தேன். அந்த நாலு நாளில் வேதியியலில் மோல் கணக்கு நடத்தி முடித்துவிட்டார்கள். பக்கத்துப் பையனிடம் நோட்டு கேட்கவும் கூச்சம். வருஷக் கடைசியில் வேதியியலில் தவறி, அப்பா வேலை பார்த்த பட்டறைக்கே நானும் போய்ச் சேர்ந்தேன்.

எனக்குக் கிடைத்தது, பீங்கான் மேல் பூசுகிற கிளேஸ் கலக்குகிற வேலை. கோபால்ட் ஆக்சைடு பார்க்கக் கரித்தூள் மாதிரி இருக்கும். கலந்து பூசும்போதும் நீலத்தின் சுவடே தெரியாது. ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து சூளையிலிருந்து வரும்போது கண்ணைப் பறிக்கும் நீலம். செம்பு சேர்த்தால் பச்சை, இரும்பு சேர்த்தால் பழுப்பு. எது எவ்வளவு என்பதெல்லாம் எனக்குக் கைக்கணக்குதான். கணக்குத் தப்பி ஒரு சூளைச் சரக்கு மொத்தமும் கிளேஸ் வெடிப்பு விட்டு வெளியே வந்த நாட்களை நான் மறக்கவில்லை. ஒருமுறை, பீங்கான் தொழில்நுட்பம் டிப்ளமா முடித்துவிட்டு வந்த ஒரு பையன் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் நாலே வரியில் எடைக்கணக்கைப் போட்டுக் காட்டினான். நான் போகாத அந்த நாலு நாள் பாடம்தான் அது.

பெல்பாட்டத்துக்கு ஆசைப்பட்டதைத் தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அதற்காக வகுப்புக்குப் போகாமல் இருந்தேனே, அதுதான் தப்பு.

பன்னிரண்டு வருஷம் பிள்ளைகள் சீருடையில் போகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. காமராஜர் காலத்தில் இலவசச் சீருடை வந்ததால், இல்லாத வீட்டுப் பிள்ளையும் இருக்கிற வீட்டுப் பிள்ளையும் ஒரே துணியில் ஒரே பெஞ்சில் உட்கார முடிந்தது. பள்ளி முடிந்து, இன்றைக்கு என்ன உடுத்துவது என்று தானே முடிவு செய்கிற முதல் காலை கல்லூரியில்தான் வருகிறது. அந்த ஆசையைத் திட்டியும் அடக்க முடியாது, உத்தரவு போட்டும் அடக்க முடியாது. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாம் கூடாது என்றது. அதனால் பிள்ளைகளுக்கு உடை மேல் இருந்த ஆசை குறைந்துவிட்டதா என்ன?

மறுநாள் காலை பேத்தியைத் திண்ணைக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெரிய சட்டையின் உள்மடிப்பில் ஒரு நூலும், என் வேட்டி ஓரத்தில் ஒரு நூலும் உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். வேட்டி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானது. சட்டை நூல் சுருண்டு உருகி, கருப்பு மணியாகக் கட்டிக்கொண்டது. "இது பாலியெஸ்டரும்மா. பஸ்ஸில் போட்டுக்கிட்டுப் போ, வேணாங்கல. லேப்ல பர்னர் பக்கம் நிற்கிற அன்னைக்கு மட்டும் வேண்டாம். தீப்பிடிச்சா உருகித் தோலோட ஒட்டிக்கும். அன்னைக்குப் பருத்தி போட்டுக்க, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்க." அந்த உருகிய மணியை அவள் விரலில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளே போய் மற்ற மூன்றையும் எடுத்துவந்தாள். ஒரு குர்தி மட்டும் பருத்தி.

பண விஷயமும் பேசினோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று 2024-இல் வந்தது. அந்தப் பணத்தில் எவ்வளவு பஸ்ஸுக்கு, எவ்வளவு ரெக்கார்டு நோட்டுக்கு, எவ்வளவு துணிக்கு என்று அவளையே எழுதச் சொன்னேன். துணிக்கு இருநூறு என்று எழுதினாள். நான் திருத்தவில்லை. தவணைக்கு மட்டும் எதுவும் வாங்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அப்பா வாங்கிய முன்பணம் எத்தனை சனிக்கிழமைக் கூலியைத் தின்றது என்று எனக்குத் தெரியும்.

கல்லூரி திறந்த நாலாம் நாள், தன் பெஞ்சில் ஒரு பெண் இரண்டு நாளாக வரவில்லை என்றாள் பேத்தி. காய்ச்சலாக இருக்கலாம், பஸ் வசதி இல்லாமல் இருக்கலாம். இரண்டாவது செட் துணி காயாமலும் இருக்கலாம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். காரணம் கேட்காதே, நோட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடு என்றேன்.

இந்த வருஷம் முதலாண்டில் கால்வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். பிடித்ததை உடுத்திக்கொண்டு போங்கள். முதல் வாரத்தில் உங்கள் பக்கத்து இடம் காலியாக இருந்தால், அந்தப் பிள்ளை வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் உங்கள் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.