34 அங்குலக் குதிரை

அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தில் லாங்காஸ்டர் ஜில்லா என்றொரு பிரதேசம் இருக்கிறது. மக்காச்சோளக் கொல்லைகளும், பால்மாட்டுப் பண்ணைகளும், காற்று நுழையும்படி பக்கப் பலகைகளைத் திறந்துவைத்த புகையிலைக் கொட்டகைகளும் நிறைந்த அந்தப் பூமியில், ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் இன்றைக்கும் மோட்டார் வாங்காமல், சாம்பல் நிறக் கூண்டு வண்டிகளில் குதிரை பூட்டியே சந்தைக்கும் பிரார்த்தனைக்கும் போய் வருகிறார்கள். பந்தய மைதானங்களில் ஓடி ஓய்ந்த உயர்ந்த சாதிக் குதிரைகள் அவர்களுடைய வண்டிகளை இழுக்க, கோவேறு கழுதைகள் அவர்களுடைய கலப்பைகளை இழுக்கின்றன. ஆனால் நான் அங்கே போனது பெரிய குதிரைகளைப் பார்ப்பதற்காக அன்று. இடுப்பளவுகூட உயராத குள்ளக் குதிரைகளைப் பொழுதுபோக்காக வளர்த்துப் பழக்கி வண்டியில் பூட்டி ஓட்டும் மனிதர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பலர் உண்டென்றும், அவர்கள் ஆமிஷ் பிரிவைச் சேராதவர்களாயினும் தங்களுக்கு வேண்டிய சேணத்தையும் வண்டியையும் ஆமிஷ் பட்டறைகளிலேயே செய்வித்துக்கொள்கிறார்களென்றும் கேள்விப்பட்டு, அவ்விரு சாராரையும் கண்டு வரவேண்டுமென்ற ஆவலினாலேயே சென்றேன்.

இந்தச் சிறுகுதிரைகள் தாமாகத் தோன்றிய சாதி அல்ல. மனிதர்கள் பல தலைமுறைகளாகச் சிறியதோடு சிறியதைச் சேர்த்து உண்டாக்கியவை. 1978-ல் ஸ்தாபிக்கப்பட்ட அமெரிக்கச் சிறுகுதிரைச் சங்கத்தார், பிடரி மயிரின் கடைசி ரோமம் முளைத்திருக்கும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு மேற்படாத குதிரையையே தங்கள் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். வேறொரு பதிவேடு 38 அங்குலம் வரை இடம் தருகிறது. முப்பத்து நான்கு அங்குலம் என்பது எழுதும் மேஜையைவிட நாலங்குலமே அதிகம். இவற்றின் பூர்விகத்தில் ஸ்காத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் மட்டக்குதிரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பெண்களையும் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்தினுள் வேலை வாங்கலாகாது என்று 1842-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்த பிறகு, அவர்கள் தள்ளிய நிலக்கரித் தள்ளுவண்டிகளை இழுப்பதற்கு இம்மட்டக்குதிரைகள் பெருவாரியாகப் பூமிக்குள் இறக்கப்பட்டன. டர்ஹாம் சுரங்கங்களின் சொந்தக்காரரான லண்டன்டெர்ரி பிரபு, உயரம் குறைவாகவும் உடற்கட்டு உறுதியாகவும் உள்ள குதிரைகளைப் பெறுவதற்கென்றே ஷெட்லாந்தில் ஒரு பண்ணை நடத்தினார். அவ்வாறு இருளில் பாரம் இழுப்பதற்காகக் குறுக்கப்பட்ட உருவமே, இன்று வெயிலில் உல்லாசமாக வண்டி ஓடுவதற்கும் உபயோகமாகியிருப்பது காலத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

நான் முதலில் சென்றது சேணப் பட்டறைக்கு. மின்சாரக் கம்பெனியின் கம்பியை ஏற்காத கட்டடம் அது. பின்புறத்துக் கொட்டகையில் ஒரு டீசல் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அது அழுத்திச் சேமிக்கும் காற்றின் பலத்தினாலேயே உள்ளே தையல் இயந்திரங்கள் அத்தனையும் இயங்கின. தாடி வளர்த்து மீசையை மழித்திருந்த பட்டறைக்காரர், படம் பிடிப்பதை அவர்கள் விரும்புவதில்லையென்று நான் முன்னமே அறிந்து வெறுங்கையோடு வந்திருந்ததைக் கவனித்தோ என்னவோ, தாராளமாகவே பேசினார். சுவரில் ஒரு பக்கம் பாரக்குதிரைகளுக்கான கனத்த சேணங்களும், மறுபக்கம் சிறுகுதிரைகளுக்கான சேணங்களும் தொங்கின. தோலைத் தவிர, நைலான் பட்டையின்மேல் பிளாஸ்டிக் பூசிய ஒரு வகை வாரையும் அவர் உபயோகித்தார். மழையில் நனைந்தாலும் கெடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்பது அதன் குணம். சிறிய சேணத்துக்கு விலை அவ்வளவாகக் குறையவில்லையே என்று நான் கேட்டதற்கு, "வார் குட்டையானால் தோல்தான் மிச்சம், பக்கிளும் துளையும் அத்தனையும் வேண்டுமே!" என்றார்.

அந்தப் பதிலின் உண்மையை அவர் ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக் காட்டினார். பாரம் முழுவதையும் தாங்கும் மார்புப்பட்டை, மூச்சுக்குழலை நெரிக்கும்படி மேலேயும் இருக்கக்கூடாது, தோள்மூட்டின் அசைவைத் தடுக்கும்படி கீழேயும் இறங்கக்கூடாது. பெரிய குதிரைக்கு இதில் இரண்டங்குலம் பிசகினாலும் சமாளிக்கலாமாம், சிறியதற்கு அரை அங்குலமே உபத்திரவமாம். முதுகிலே சேணம், வயிற்றிலே வார், சேணம் முன்னே சறுக்காமலிருக்க வாலடியில் ஒரு வார், சரிவில் இறங்கும்போது வண்டி குதிரையின்மேல் மோதாதபடி பின்தொடையைச் சுற்றித் தாங்கும் பின்பட்டை, கடிவாளம், கண்பட்டை என்று பெரிய குதிரை அணியும் எதுவும் சிறிய குதிரைக்குத் தள்ளுபடியாவதில்லை.

பட்டறையிலிருந்து சில மைல் தொலைவில் ஒரு சிறு பண்ணை. பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவரும் அவருடைய மனைவியாரும் அங்கே ஐந்தாறு சிறுகுதிரைகளை வைத்திருந்தார்கள். வாலிபத்தில் பெரிய குதிரைகளில் சவாரி செய்தவர்களாம். முழங்காலும் இடுப்பும் ஒத்துழைக்க மறுத்த வயதில், குதிரையின் சகவாசத்தை விட மனமில்லாமல் இதற்கு மாறினார்கள். சுமார் நூறு கிலோ எடையுள்ள இப்பிராணியின் முதுகில் சிறு குழந்தை உட்காரலாமேயன்றிப் பெரியவர் உட்காரலாகாது. ஆகையால் வளர்ந்த மனிதன் இதனோடு கூடி வேலை செய்வதற்கு வண்டியே வழி.

வண்டி ஓட்டுவதைக் காண வந்த எனக்கு, ஓட்டத்துக்கு முந்திய காரியங்களே நெடுநேரம் காட்சியாயின. கடிவாளம் பூட்டிய பிறகே வண்டியைக் குதிரையிடம் கொண்டுவருவது. இழுவார்களை முதலில் மாட்டிப் பின்பட்டையை அடுத்து மாட்டுவது. அவிழ்க்கும்போது அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பின்பட்டையை முதலில் அவிழ்ப்பது. வண்டி பூட்டியிருக்கும்வரை என்ன நேர்ந்தாலும் கடிவாளத்தைக் கழற்றாமலிருப்பது. வார்களைக் கையில் பிடித்த பிறகே வண்டியில் ஏறுவது. ஒருவர் ஏறும்போது மற்றவர் குதிரையின் தலைப்பக்கம் நிற்பது என்ற விதிகளை, தினந்தோறும் செய்து பழகிய காரியமாயினும், அவ்விருவரும் ஒன்றுகூடப் பிறழாமல் அநுஷ்டித்தார்கள். கண்பட்டையின் விஷயமும் அப்போதுதான் விளங்கிற்று. குதிரைக்குத் தன் நேர் பின்புறத்தைத் தவிர ஏறக்குறைய நாற்புறமும் தெரியும். துரத்துவோருக்குப் பயந்து ஓடியே பிழைத்த குலத்தில் பிறந்த அதன் கண்ணில், ஓடும்போது கூடவே சுழன்று வரும் சக்கரம் பட்டால் திகிலுண்டாகலாம். அதைக் காணாதபடி மறைத்துவிட்டால், ஓட்டுபவரையும் அது காண்பதில்லை. பின்னாலிருந்து வரும் குரலும், வாயில் உணரும் வாரின் அசைவும், விலாவில் படும் சவுக்கின் நுனியுமே அதற்கு உலகம். சவுக்கு அங்கே அடிப்பதற்கு அன்று. சவாரி செய்பவனுடைய கால்கள் குதிரையின் விலாவுக்குச் சொல்வதை வண்டியிலிருப்பவன் சொல்வதற்கு.

கண்ணால் காணாத மனிதனின் குரலை நம்பிப் போகும் அந்த நம்பிக்கையை உண்டாக்குவதற்குத்தான் ஆண்டுக் கணக்காகிறது. ஒரு வயதுக் குட்டி கயிற்றில் நடந்து, நிற்கக் கற்றுக்கொள்கிறது. இரண்டாம் வயதில் சேணத்தைச் சுமக்கப் பழகி, நீண்ட இரண்டு வார்களைப் பிடித்துப் பின்னால் நடந்து வரும் மனிதனின் சொல்லுக்கு வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் வண்டியில்லாமலே திரும்பக் கற்கிறது. "வோ" என்றால் நான்கு கால்களும் நிற்கவேண்டும். மெதுவாகப் போகச் சொல்வதற்கு அச்சொல்லை ஒருநாளும் பிரயோகிக்கலாகாது என்றார் ஆசிரியர், தம் பழைய வகுப்பறைக் கண்டிப்போடு. இழுத்து வரும் பொருளின் சப்தத்துக்குப் பழக்கும் முறை மிகவும் சாதுரியமானது. மனைவியார் ஒரு மோட்டார் டயரைக் கயிற்றில் கட்டிச் சரளையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு முன்னே போக, குதிரையை அதன் பின்னே நடத்துகிறார்கள். அஞ்சத்தக்கது தன்னைத் துரத்தாமல் தனக்கு முன் விலகி ஓடுவதைக் காணும் பிராணிக்கு அச்சம் தணிந்து குதூகலமே பிறந்துவிடுகிறது. பிறகு டயர் பக்கத்தில் வருகிறது, பிறகு பின்னே வருகிறது. எலும்புகள் ஓரளவு உறுதிப்படும் மூன்றாம் வயதிலேதான் வண்டி.

என்னை ஏற்றிக்கொண்டு போனது பெப்பர் என்னும் சிவலைப் பெட்டை. இரண்டு சக்கர வண்டி; ஆசிரியர் உட்கார்ந்த பிறகு நான் உட்கார, தலைப்பக்கம் நின்ற மனைவியார் வண்டியின் ஏர்க்கால்கள் சேணத்தின் வளையங்களில் எவ்வாறு நிற்கின்றனவென்று பார்த்துச் சொல்ல, அவர் ஆசனத்தை இரண்டங்குலம் பின்னுக்குத் தள்ளினார். பாரம் முன்னே சாய்ந்தால் குதிரையின் முதுகு வருந்தும். பின்னே சாய்ந்தால் வயிற்றுவார் மேலே இழுக்கும். சென்னையிலோ தஞ்சாவூரிலோ ஜட்காவில் ஏறி, "இன்னும் கொஞ்சம் முன்னே நகருங்க சாமி" என்று வண்டிக்காரன் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தச் சாஸ்திரம் புதிதன்று. அவன் பிரயாணிகளை நகர்த்தினான், இவர் ஆசனத்தை நகர்த்தினார். பெப்பர் நடையில் தொடங்கி ஓட்டத்துக்கு மாறியபோது அதன் சிறு குளம்புகளின் தாளம் பெரிய குதிரையினுடையதைவிட எவ்வளவோ துரிதமாயிருந்தது. எதிரே ஆமிஷ் சிறுவர் இருவர் மட்டக்குதிரை வண்டியொன்றில் வந்தார்கள். பத்து வயதுகூட நிரம்பாதவன் வார்களைப் பிடித்திருந்த இலட்சணத்தை ஆசிரியர் மெச்சிக்கொண்டார்.

மேய்ச்சல் வெளியில் கூம்புகளை இரண்டிரண்டாக நிறுத்தி, உச்சியில் பந்துகளை வைத்திருந்தார்கள். சக்கரங்களுக்கு இருபுறமும் சில அங்குலமே இடம். பந்து விழுந்தால் தண்டனைப் புள்ளி. 1960-களின் இறுதியில் பிரிட்டிஷ் இளவரசர் பிலிப்பின் முயற்சியால் சர்வதேச விதிகள் வகுக்கப்பட்ட வண்டியோட்டப் போட்டியில், நடையின் நேர்த்தியைக் காட்டும் பரீட்சையும், நீர்த்துறையும் தடைகளும் உள்ள நீண்ட ஓட்டமும், இந்தக் கூம்பு ஓட்டமும் மூன்று அங்கங்கள். சிறுகுதிரைகளும் தமக்கென்ற பிரிவில் அம்மூன்றையும் செய்கின்றன.

மாலையில் லாயத்தில் வேறொரு விஷயத்தைக் கண்டேன். மேயச் சென்ற குதிரைகளுக்கெல்லாம் வாய்க்கூடு மாட்டி, அதன் அடியில் சிறு துவாரம் மட்டும் விட்டிருந்தார்கள். வளமற்ற தீவின் புல்லுக்குப் பழகிய உடல், செழித்த புல்லைத் தின்றால் கொழுத்துக் குளம்பின் உட்புறம் வீங்கி நடக்கமுடியாமல் போகும். அதற்காகப் பட்டினி போட்டாலோ கொழுப்பு இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். "பார்க்க வருபவர்கள் ஆளுக்கொரு காரட் கொடுக்கிறார்கள், கையைக் கடித்தாலும் அழகு என்கிறார்கள். பெரிய குதிரை அதையே செய்தால் விற்றுவிடுவார்கள்" என்று வருந்தினார் அம்மையார். பொம்மையாக நடத்தப்பட்ட சிறுகுதிரைதான் பிற்காலத்தில் எவராலும் பிடிக்கமுடியாத முரட்டுக் குதிரையாகி வீடு வீடாக மாறுகிறதாம்.

பெரிய குதிரையிடம் மனிதன் விதிகளைக் கைக்கொள்வதில் வியப்பில்லை. தவறினால் அது அவனைக் கொன்றுவிடும். கையால் இழுத்து நிறுத்திவிடக்கூடிய ஒரு பிராணியிடமும் அதே விதிகளைச் சிறிதும் தளர்த்தாமல் கைக்கொள்வதற்குப் பயம் காரணமாயிருக்க முடியாது. தன்னைவிட மெலிந்ததற்குத் தான் கடமைப்பட்டவன் என்ற எண்ணமே காரணமாயிருக்க வேண்டும். அந்த எண்ணம் சேணப் பட்டறைக்காரரின் அரை அங்குலக் கணக்கிலும் இருந்தது, ஆசிரியரின் "வோ"விலும் இருந்தது. புறப்படுமுன், இரண்டு வயதுக் குட்டி ஒன்றைக் காட்டி, நன்றாக நடக்கிறதே, இப்போதே வண்டியில் பூட்டிப் பார்க்கலாகாதா என்று கேட்டேன். எழுபதைத் தாண்டிய அந்த மனிதர், "அதற்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது" என்றார். தமக்கு எத்தனை ஆண்டு இருக்கிறதென்பதை அவர் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை.