சுண்ட்போர்னில் ஒரு வீடு

'ஸ்காண்டிநேவியப் பாணி வீடு' என்னும் சொற்றொடர் இந்நாளில் நம் ஊர்களிலும் செவியில் விழுகின்றது. புதுமனை கட்டுவோர் சிலர், வழவழப்பான தாளில் அச்சிட்ட படங்களைக் கொணர்ந்து நம் முன் விரித்துக் காட்டுவதுண்டு. வெண்ணிறச் சுவர்; வெளிறிய மரத்தரை; கனத்த திரையில்லாத சாளரம்; அதனருகே ஒரு பூந்தொட்டி. படத்தில் எல்லாம் உண்டு. மனிதர் மட்டும் இல்லை! இப்பாணியின் ஊற்றுக்கண் எனப் பலரும் சுட்டும் வீட்டை நேரிற் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபொழுது, அப்படங்களையே நினைத்துக்கொண்டு புறப்பட்டோம். கண்டதோ வேறு.

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமிலிருந்து வடமேற்கே இரயிலேறினால், ஊசியிலைக் காடுகளையும் ஏரிகளையும் கடந்து சில மணி நேரத்தில் ஃபாலுன் நகரை அடையலாம். செம்புச் சுரங்கத்தாற் பெயர் பெற்ற ஊர் அது. பல நூற்றாண்டுகள் தோண்டப்பெற்ற அச்சுரங்கத்தில் 1992-ஆம் ஆண்டு வேலை நின்றது; 2001-இல் அது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அச்சுரங்கத்து மண்ணிலிருந்து கிடைக்கும் செஞ்சாயத்தையே சுவீடனின் நாட்டுப்புற மரவீடுகளுக்குப் பூசுவது வழக்கம். மழையிலும் பனியிலும் மரம் உளுத்துப் போகாமற் காக்கும் பூச்சு அது. ஃபாலுனிலிருந்து பேருந்தில் சிறிது தொலைவு சென்றால் சுண்ட்போர்ன் என்னும் சிற்றூர். அவ்வூரின் ஊடே ஓசையின்றி ஓடும் ஆற்றங்கரையில், வெண்பட்டைப் பிர்ச் மரங்களின் நடுவே, செஞ்சாயம் பூசிய அவ்வீடு நிற்கின்றது.

லில்லா ஹித்நேஸ் என்பது அதன் பெயர். 'லில்லா' என்றால் சிறிய. 'ஹித்தா' என்றால் உலைக்கூடம். 'நேஸ்' என்றால் நீருக்குள் நீண்ட நிலமுனை. பழங்காலத்தில் செம்பு உருக்கிய உலைகளின் கசடு குவிந்து கிடந்த மேட்டின்மேல் எழுந்த வீடு ஆதலின் இப்பெயர். 1888-ஆம் ஆண்டில், ஓவியர் கார்ல் லார்சனுக்கும் அவர்தம் துணைவியார் காரினுக்கும் காரினின் தந்தையார் இதனை அளித்தார். அப்போது அது தாழ்ந்த கூரையுடைய சிறு மரக்குடில்.

கார்ல் லார்சன் 1853-இல் ஸ்டாக்ஹோமில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். தந்தையோ குடிப்பழக்கம் உடையவர். 'நீ பிறந்த நாளைச் சபிக்கிறேன்' எனும் பொருள்பட அவர் மகனிடம் கூறியதைக் கார்ல் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். பல குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்த சேரிக் கட்டடங்களில், நோயையும் பசியையும் கண்டு வளர்ந்த சிறுவனை, 13-ஆம் வயதில், ஏழைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஓவியக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். தாம் ஏற்றி வைத்த விளக்கு எத்தனை தொலைவுக்கு ஒளி வீசும் என்று அவ்வாசிரியர் அறிந்திருக்க மாட்டார். காரின் 1859-இல் வளமான வணிகர் குடும்பத்திற் பிறந்தவர். அவரும் ஓவியம் பயின்றவரே. 1882-இல், பிரான்சு நாட்டில் ஓவியர் கூடி வாழ்ந்த கிரே என்னும் சிற்றூரில் இருவரும் சந்தித்தனர். அடுத்த ஆண்டே மணந்தனர். வீடு என்பதையே அறியாது வளர்ந்த ஒருவரின் கையில் ஒரு வீடு கிடைத்தது. அதை அவர் என் செய்தார் என்பதே காணத்தக்கது.

தொடக்கத்தில் கோடைக்கு மட்டும் வந்து தங்கினர். 1901 முதல் அதுவே நிலையான இல்லமாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வீடும் வளர்ந்தது. ஒரு பக்கம் ஓர் அறை, மறுபக்கம் ஒரு சாய்ப்பு, பின்னர் ஒரு பணிக்கூடம் என ஊர்த் தச்சர்களைக் கொண்டே கட்டிச் சேர்த்தனர். ஆகையால் உள்ளே நேர்கோடாய்ச் செல்லும் நடை எதுவும் இல்லை. ஓர் அறை மற்றோர் அறைக்குள் திறக்கின்றது. உத்தரங்கள் தாழ்ந்திருப்பதால் நெட்டையானவர் குனிந்தே நடத்தல் வேண்டும். வழிகாட்டும் பெண்மணி சிறு சிறு குழுக்களாகவே வருவோரை அழைத்துச் செல்கிறார். இவ்வீட்டை இன்றளவும் பேணி வருவது அக்குடும்பத்து வழித்தோன்றல்களின் சங்கமே.

உணவறையிலிருந்து தொடங்குவோம். சுவரின் மரப்பலகைகளுக்குப் பச்சை. மேசை நாற்காலிகளுக்குச் சிவப்பு. பழைய நாட்டுப்புறத் தளவாடங்களையே அடர்ந்த வண்ணம் தீட்டிப் பயன்படுத்தியிருக்கின்றனர். வெண்மையே ஸ்காண்டிநேவியம் என்று எண்ணிச் செல்பவர் இங்கே திகைப்பர், நாமும் திகைத்தோம். ஆண்டில் பாதி இருளும் பனியும் சூழ்ந்த நாட்டில், வெளியே மறைந்த நிறங்களை உள்ளே வரவழைத்துக்கொள்கின்றனர் எனலாம். சுவரில் காரின் நெய்த திரைச்சீலை ஒன்று தொங்குகின்றது. நிலம், நீர், காற்று, தீ என்னும் நான்கையும் உருவகித்து 1903-இல் நெய்தது. மலரையோ மானையோ அப்படியே பெயர்த்து நெய்வதன்றிப் பிறிதறியாத காலத்தில், இத்துணை துணிந்த வடிவங்கள் ஒரு சிற்றூர் இல்லத்தரசியின் கையிலிருந்து எவ்வாறு எழுந்தன என்று கலை வல்லுநர்கள் இன்றும் வியக்கின்றனர்.

அடுத்தது கூடம். அக்காலத்து வசதிபடைத்த இல்லங்களில் கூடம் விருந்தினருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. கனத்த திரைகள், கருநிறத் தளவாடங்கள், ஓயாமல் தூசி தட்டவேண்டிய அலங்காரப் பொருள்கள். பிள்ளைகள் உள்ளே வந்தால் அதட்டு! லார்சன் தம்பதியர் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். பழைய நாற்காலிகளுக்கு வெள்ளை பூசி, நீலமும் வெள்ளையுமாய்க் கோடிட்ட, துவைத்துப் போடத்தக்க பருத்தி உறைகள் தைத்தனர். கனத்த திரைகள் இல்லாத சாளரங்களின் வழியே ஆற்றொளி நேரே உள்ளே விழுகின்றது. அவ்விடத்தில் தரையைச் சற்று உயர்த்தி ஒரு மேடை அமைத்திருக்கின்றனர். அறைக்குள்ளே ஓர் அறை போன்ற இடம். வெறும் மரத்தரையின்மீது, கிழிந்த துணிகளை நாடாவாக்கி நெய்த நீண்ட விரிப்புகள். நம் வீடுகளிலும் கிழிந்த சேலைக்கு இரண்டாம் பிறவி உண்டன்றோ! அதனால் அவ்விரிப்புகளை நம் தாய்மார் கண்டால் அந்நியமாய் உணரமாட்டார்கள்.

இக்கூடத்திற்கு ஒரு கதை உண்டு. உணவு மேசையில் குறும்பு செய்ததற்காக மகன் பொந்துஸை எழுப்பி, ஓடு பதித்த கணப்பின் அருகே ஒரு நாற்காலியில் தனியே உட்கார வைத்தனர். அங்கே வந்த தந்தையார், முகம் வாடி அமர்ந்திருந்த மகனையும் அவனைச் சூழ்ந்த அறையையும் ஓவியக் கண்ணோடு நோக்கினார், உடனே வரைந்தார். மழை விடாது பெய்து, வெளியே சென்று வரைய இயலாதிருந்த நாள்களில், 'வீட்டையே வரையுங்களேன்' என்று காரின் கூறியதும் சேர்ந்துகொண்டது. இவ்வாறு பிறந்த நீர்வண்ண ஓவியங்களுள் 24 ஓவியங்கள் 1899-இல் 'ஒரு இல்லம்' எனப் பொருள்படும் பெயரில் நூலாயின. 1909-இல் வெளிவந்த ஜெர்மானியப் பதிப்பு மூன்றே மாதங்களில் 40,000 படிகள் விற்றது. 1997-இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் கார்ல், காரின் இருவரையும் சுவீடன் பாணியின் படைப்பாளர்கள் என அறிவித்தே ஒரு கண்காட்சி நடத்தியது. ஒரு சிறுவன் பெற்ற தண்டனையிலிருந்து இவ்வளவும்!

சமையலறையைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. ஓவியத்தில் ஒரு பெண்பிள்ளை வெண்ணெய் கடைகிறாள். சிறியவள் ஒருத்தி பார்த்து நிற்கிறாள். பணிப்பெண்களும் இருந்தனர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் நன்று. எட்டுப் பிள்ளைகளைப் பெற்றெடுத்த தாய், ஒருவர் துணையுமின்றி இத்தனையும் செய்தார் என்று கதைகட்டுவது முறையன்று.

மாடியில் படுக்கை அறைகள். ஒன்று காரினும் சிறு குழந்தைகளும் துயின்ற அறை. கட்டில்கள் நெருங்கிக் கிடக்கின்றன. மற்றொன்று கார்லின் அறை. அவரது கட்டில் சுவரோரமாய் இல்லாமல் அறையின் நட்டநடுவே நிற்கின்றது, சுற்றிலும் திரை. சேரியில் ஒரே பாயில் பலரோடு நெருங்கிப் படுத்த சிறுவன், வளர்ந்தபின் தன் கட்டிலைச் சுற்றி நான்கு பக்கமும் வெற்றிடம் வேண்டினான் போலும் என நமக்குத் தோன்றியது. இது நம் ஊகமே. இவ்விரண்டு அறைகளையும் பிரிப்பது காரின் செய்த ஒரு திரைதான். 'அன்பின் ரோஜா' என்பது அதன் பெயர். கதவு இருந்தால் குழந்தையின் இருமல் கேட்காது. ஒன்றுமே இல்லாவிடில் உறக்கம் வராது. திரை இரண்டையும் தீர்க்கின்றது. பெரிய கட்டடக்கலை நூல்கள் பேசாத நுட்பம் இது.

படங்களிற் காண்பதுபோல் இவ்வீட்டில் எப்பொழுதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கவில்லை. மாத்ஸ் என்னும் மகவு சில மாதங்களிலேயே மறைந்தது. 1905-இல் மூத்த மகன் உல்ப், 18 வயது இளைஞன், குடல்வால் அழற்சியால் இறந்தான். உள்ளச்சோர்வு கார்லை ஆண்டுக்கணக்காக வாட்டியது. தம் வாழ்நாட் பணியாக அவர் கருதிய பேரோவியம் ஒன்றைத் தேசிய அருங்காட்சியகம் ஏற்க மறுத்த வருத்தமும் சேர்ந்துகொண்டது. (அதே அருங்காட்சியகம் 1997-இல் அதனை விலை கொடுத்து வாங்கியது என்பது வேறு செய்தி.) பெரிய பிர்ச் மரத்தடியில் குடும்பமே நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து காலையுணவு கொள்ளும் அவரது ஓவியத்தை வாசகர்களுள் சிலர் எங்கேனும் கண்டிருக்கலாம். அது 1896-இல் வரைந்தது. உல்ப் அப்போது உயிரோடிருந்தான். அம்மேசை அவ்வாறே என்றும் நிறைந்திருக்கும் என்று வரைந்த கை எண்ணியிருக்கும் அன்றோ!

இறுதியாக நாம் நின்ற இடம் பழைய ஓவியக்கூடம். 1899-ஐ ஒட்டிப் பெரியதொரு கூடம் கட்டப்பெற்றபின், இப்பழைய அறை குடும்பத்தின் வேலையறையாயிற்று. காரினின் தறி இங்கேதான் இருந்தது. பிள்ளைகள் தச்சு வேலை பழகுவதும் படம் வரைவதும், தாய் நெய்வதும் தைப்பதும் ஒரே கூரையின்கீழ். காரின் ஓவியக் கழகத்தில் பயின்றவர் என்று முன்னர்க் கூறினோம். மணமானபின் அவர் படம் வரைவதைச் சிறுகச் சிறுக விட்டுவிட்டார். தூரிகை பிடித்த கை, தறிக்கும் ஊசிக்கும் தோட்டத்துக்கும் சென்றது. பிள்ளைகள் ஓடியாட வசதியான தளர்ந்த ஆடைகளைத் தைத்ததும், ஊர்த் தச்சருக்கு மரச்சாமான்களின் வடிவம் வரைந்து கொடுத்ததும் அவரே. உலகம் அவ்வீட்டை நெடுங்காலம் 'கார்ல் லார்சன் வீடு' என்றே அழைத்து வந்தது. ஓவியங்களில் கையொப்பமிட்டவர் கணவர். ஓவியத்தில் இருந்த திரை, விரிப்பு, மேசைத்துணி, மலர்ச்சாடி யாவும் மனைவியின் கைவண்ணம். அண்மைக் காலத்தில்தான் காரினின் பெயரும் உடன் சேர்த்துச் சொல்லப்படுகின்றது.

இதனைத் தியாகம் என்பதா, இழப்பு என்பதா? வழிகாட்டிய பெண்மணியிடம் இதனைக் கேட்டோம். அவர் புன்னகைத்து, தறியைக் காட்டி, 'இதுவும் வரைதல்தானே' என்றார். நல்ல மறுமொழிதான். எனினும், திருமண மேடைகளில் நின்று தாய்மாரின் தியாகத்தைப் பன்முறை எளிதாகப் போற்றிப் பேசியவர்கள் ஆகையால், அத்தறியின் முன் நமக்குச் சற்றுக் கூச்சம் உண்டாயிற்று. அவ்வாறு போற்றப்பட்ட தாய்மாருள் எவரிடமேனும், 'அம்மா, தாங்கள் எதைக் கீழே வைத்துவிட்டு வந்தீர்கள்?' என்று நாம் ஒருகாலும் கேட்டதில்லை.

கார்ல் 1919-இல் காலமானார், காரின் 1928-இல். இருவரும் சுண்ட்போர்ன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். வீட்டிலிருந்து நடந்தே சென்றோம். அருகருகே கிடக்கும் இருவருக்காகவும் சிறிது நேரம் செபித்துவிட்டு, பொழுது சாயுமுன் ஃபாலுன் செல்லும் பேருந்தைப் பிடிக்க விரைந்தோம்.