கற்கல்லறைக்குள் ஓடும் ஆறு

நடு அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில், சான் இக்னாசியோ நகருக்குக் கிழக்கே, தபிர் மலைக் காப்புக்காட்டினுள் அக்துன் துனிச்சில் முக்னால் என்னும் ஆற்றுக்குகை இருக்கிறது. மாயன் மொழியில் 'கற்கல்லறைக் குகை' என்று பொருள். அமெரிக்காவில் வாழும் தங்கையின் குடும்பத்தோடு சேர்ந்து அங்கே சென்று வந்தோம். பயண நிறுவனங்கள் இதனைச் சாகசம் என்றே விற்கின்றன. சாகசம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் எங்கள் மனத்தில் தங்கியது அதுவன்று.

முக்கால் மணி நேரக் காட்டு நடை. வழியில் ஒரே ஆற்றை மும்முறை கடக்க வேண்டும். குகைவாயிலில் பச்சையாய்த் தேங்கிய ஆழமான மடு. தலைக்கவசமும் அதில் பொருத்திய விளக்குமாக நீந்தித்தான் உள்ளே புக முடியும். பிறகு மார்பளவு நீரில், நீரோட்டத்தை எதிர்த்து, பாறையிடுக்குகளில் உடலைத் திருப்பித் திருப்பி நுழைத்தபடி நடை. ஓரிடத்தில் வழிகாட்டி எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றேயாகிய அந்த இருளில், நீரின் ஓசை மட்டும் இருந்தது. மாயர்களுக்குக் குகை என்பது பாதாளத்தின் வாயில். கீச்சே மாயரின் பொபோல் வூ நூல் அந்த உலகைச் சிபால்பா என்கிறது. அச்சத்தின் இடம் என்று அதற்குப் பொருள். அங்கே போகும் வழியிலும் ஆறுகள் உண்டு. இலக்கியம் கற்பிக்கும் எங்களுக்கு இது வெறும் தொன்மக் குறிப்பாக இருந்திருக்கும், கழுத்துவரை நீர் ஏறியிராவிட்டால்.

ஆற்றைவிட்டு ஒரு பாறைமீது ஏறினால் உலர்ந்த பெருங்கூடம். காலணிகளைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்கவேண்டும். எங்கு நோக்கினும் பானைகள். பல வேண்டுமென்றே உடைக்கப்பட்டவை, அல்லது துளையிடப்பட்டவை. பானைக்குள் உறையும் உயிரை விடுவிப்பதற்காக அவ்வாறு செய்தனர் என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு பானையின் விளிம்பில் விரற்கடை அளவே உள்ள குரங்கு உருவம். குயவருக்குச் சிரிப்பு வந்த ஒரு நாளில் செய்ததாக இருக்கவேண்டும். பானைகளுக்கு நடுவே மனித எலும்புகள். பதினான்கு பேருடையவை, குழந்தைகளும் உள்ளனர்.

1989இல் தாமஸ் மில்லர் இக்குகையை வெளியுலகுக்குக் காட்டினார். 1990களில் பெலீஸ் நாட்டுத் தொல்லியலாளர் ஹைமே ஆவேயின் குழு ஆய்வு செய்தது. பானைகளில் பெரும்பாலானவை கி.பி. 700 முதல் 900 வரையிலானவை; மாயர் நகரங்கள் ஒவ்வொன்றாய்க் கைவிடப்பட்ட காலம். மழை பொய்க்கப் பொய்க்க அவர்கள் மழைத் தெய்வமான சாக்கைத் தேடிக் குகையின் உட்புறத்துக்குச் சென்றனர், படையலும் உயிர்ப்பலி வரை வளர்ந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வெளியே வயல் வெடித்திருக்க, காலடியில் ஆறு ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் மழையைக் கேட்டிருக்கிறார்கள்.

ஏணி ஏறி அடைகிற கடைசி அறையில் ஒரு முழு எலும்புக்கூடு மல்லாந்து கிடக்கிறது. சுண்ணம் கலந்த நீர் எலும்பின்மேல் பளிங்காய்ப் படிந்து, விளக்கொளியில் மின்னுகிறது. 'பளிங்குக் கன்னி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருபது வயதையொட்டிய பெண் என்றே நெடுங்காலம் நம்பினர். பின்னர் வந்த ஆய்வு, பதினேழு வயதையொட்டிய ஆணாக இருக்கலாம் என்றது. பெயரோ மாறவில்லை. பலியானவள் அழகிய கன்னி என்றால் கதைக்குச் சுவை கூடிவிடுகிறது. இந்தச் சுவையின் மேல் எங்களுக்குக் கோபம் உண்டு. எங்கள் வகுப்பறையிலும் அதை நாங்கள் அறிவோம்.

"அப்ப அந்தப் பையனோட பேரு என்ன பெரியம்மா?" என்று மெல்லக் கேட்டாள் தங்கை மகள். அவளுக்கும் வயது பதினேழு. வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் மாற்றிக் கேட்டோம். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

புகைப்படக் கருவிக்கு இங்கே அனுமதியில்லை. 2012இல் ஒரு பயணி தவறவிட்ட கருவி விழுந்து ஒரு மண்டையோடு உடைந்ததையடுத்து வந்த தடை. நல்ல தடை என்போம். கையில் கருவி இல்லாததால் அந்த அறையில் அனைவரும் சும்மா நின்றோம். செத்தவரின் முன் சும்மா நிற்பது எத்தனை கடினம்!

தெற்கு பெலீஸில் யோக் பாலும் என்றொரு குகை உண்டு. அங்கே தரையிலிருந்து மேலெழுந்த சுண்ணப் படிவு ஒன்றின் அடுக்குகளைப் படித்து 2012இல் ஓர் ஆய்வுக்குழு ஈராயிரம் ஆண்டு மழைக் கணக்கைத் தந்தது, கி.பி. 660க்குப் பின் வறட்சி கூடிச்சென்றதை அது காட்டுகிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர், சுண்ணத்தை அடுக்கடுக்காய்ப் படியவைத்து, ஆண்டுகளைக் குறித்து வைத்திருக்கிறது. இந்தப் பையனின் விலா எலும்புகளைப் போர்த்தியிருப்பதும் அதே சுண்ணமே. அவன் எதற்காகக் கொல்லப்பட்டானோ அந்த நீர், அவன்மேல் துளித்துளியாய் வந்து சேர்ந்திருக்கிறது.

வழிகாட்டி திடீரெனக் கீழே இறங்கச் சொன்னார். மலைமேல் மழை பிடித்தால் ஆறு விரைவில் பெருகுமாம். திரும்புகையில் நீர் கலங்கியிருந்தது. வந்தபோது மார்பைத் தொட்ட இடத்தில் இப்போது தோளைத் தொட்டது. தங்கை மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டோம். வெளியே வந்தபோது காடு முழுவதும் மழை கொட்டிக்கொண்டிருந்தது.