இரவுக் கணக்கு 71

தமிழக அரசு ஊழியரிடம் ‘செவன்டீன் பி’ என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) என்பது சிறு தண்டனைக்கானது. ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்து, அதிகம் போனால் ஒரு கண்டனத்தோடு தப்பிக்கலாம். 17(பி) வந்துவிட்டால் விசாரணை அதிகாரி, சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருஷக்கணக்கில் இழுக்கும். அது முடியும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது.

தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் ஸ்டாஃப் நர்ஸ் அப்படியொரு குறிப்பாணையோடு என்னிடம் வந்தார். 19 வருட சர்வீஸ். இன்சுலின் போடப்பட்ட நோயாளியை இரவுப் பணியில் கண்காணிக்கத் தவறி, அவர் உயிரிழக்கக் காரணமாக இருந்தார் என்பது குற்றச்சாட்டு. மருத்துவமனை வழக்குகளில் நான் பெரும்பாலும் நோயாளி பக்கம் நிற்பவன். அதை முதலிலேயே சொன்னேன். “தெரியும் சார். கேஸ் ஷீட் படிக்கத் தெரிஞ்ச வக்கீல் வேணும்னுதான் வந்தேன்” என்றார்.

நடந்தது 2016-ன் கடைசியில். இறந்தவர் அறுபதைத் தாண்டிய விவசாயக் கூலி, சர்க்கரை பழையது. ஒரு பக்கம் கையும் காலும் இழுக்கிறது என்று காலையில் ஆண்கள் பொது மருத்துவ வார்டில் சேர்த்திருக்கிறார்கள். அன்று அந்த யூனிட்டுக்கு அட்மிஷன் டே. மதியத்துக்குள் கட்டில்கள் நிரம்பி, கட்டில்களுக்கு நடுவே பாய் விழுந்து, சாயங்காலம் வராந்தாவிலும் பாய் விழுந்துவிட்டது. குளுக்கோஸ் ஸ்டாண்டு போதாமல் ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டியிருந்தார்கள்.

ஆறு மணிக்கு மாலை ஷிப்ட் நர்ஸ் அவருக்கு இன்சுலின் போட்டார். போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டிய மருந்து அது. ஆகவே சாப்பாட்டு வண்டி வரும் நேரத்துக்குப் போடுவதுதான் வார்டின் வழக்கம். அதே நேரம் பார்த்து சி.டி. ஸ்கேனிலிருந்து கூப்பிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் கிடைத்ததே பெரிது என்று மகன் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்கேன் வேறு கட்டடத்தில். அங்கே விபத்துக் கேஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக முந்திக்கொண்டன. அவரை வார்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது மணி ஒன்பதரை.

என் கட்சிக்காரர் ஏழு மணிக்குப் பொறுப்பேற்றவர். அவர் இந்த நோயாளியை முதன்முதலாகப் பார்த்ததே ஒன்பதரைக்குத்தான். நோயாளி அசந்து கிடந்தார். பக்கவாதம் என்று சேர்த்த ஆள் அசந்து கிடப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இவர் பி.பி. பார்த்து எழுதிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அதிகாலை மூன்று மணிக்கு ஆன்டிபயாடிக் ஊசியோடு வந்தபோது உடம்பு வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. வார்டில் குளுக்கோமீட்டர் இருந்தது, ஸ்ட்ரிப் இல்லை. ஐ.சி.யூ.வுக்கு ஓடி ஒரு ஸ்ட்ரிப் வாங்கி வந்து பார்த்தால் சர்க்கரை 28. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார், டாக்டரை எழுப்பினார், ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். நினைவு திரும்பவே இல்லை. இரண்டு நாளில் இறந்துவிட்டார்.

மகன் வார்டுக் கண்ணாடியை உடைத்தார். மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கும் 2008-ஆம் வருடத்து மாநிலச் சட்டத்தில் அவர்மீது வழக்குப் பதிவானது. அப்பாவின் காரியம் முடிவதற்குள் உள்ளே போய்விட்டார். ‘ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள்’ என்று அவர் கொடுத்த புகார் மட்டும் நகரவில்லை. 2005-ல் உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வந்ததிலிருந்து, மருத்துவக் கருத்து வாங்காமல், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு அப்போதிருந்த 304ஏ பிரிவைப் போட போலீஸ் தயங்கியது. மருத்துவமனைக்கோ யாராவது ஒருவர்மீது நடவடிக்கை எடுத்ததாகக் காட்டவேண்டிய அவசரம். கடைசியாக நோயாளியைத் தொட்ட கை யாருடையது என்று பார்த்தார்கள்.

அந்த மாலை ஷிப்ட் நர்ஸுக்குக் குறிப்பாணை வரவில்லை. அவர் 2015-ல் தேர்வு வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்களில் ஒருவர். அப்போது அவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இனி வரவேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னதோடு அவர் கதை முடிந்தது.

என் கட்சிக்காரரின் விளக்கத்தை எழுதும்போதே முதல் சிக்கல். உடன் வேலை பார்ப்பவர்கள், ‘சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், தலையாட்டினார்’ என்று எழுதிவிடச் சொல்லியிருந்தார்கள். மறுத்துச் சொல்ல ஆள் உயிரோடு இல்லை. “நான் கேக்கல சார்” என்றார் இவர். “கேட்டிருக்கணும். அந்த நேரத்துல நாலு புது அட்மிஷன் வந்து நிக்குது.” அதை அப்படியே எழுத வைத்தேன். இதில் நேர்மையோடு கொஞ்சம் தந்திரமும் உண்டு. ஒரு பொய் உடைந்தால் விசாரணை அதிகாரி மீதியைப் படிக்க மாட்டார்.

துறை விசாரணைக்குள் வக்கீல் பொதுவாக நுழைய முடியாது. உதவிக்குச் சக ஊழியர் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெறும் வயதில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருவர் துணிந்து வந்தார். நான் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுப்பேன். சாட்சி ஆம் என்றால் எந்தக் கேள்விக்குத் தாவுவது, இல்லை என்றால் எதற்குத் தாவுவது என்று ஓரத்தில் குறித்திருப்பேன். அந்த சிஸ்டர் தாளைப் பார்த்தே கேட்டதில்லை. ஒருமுறை படித்துவிட்டு, தன் பாஷையில் என்னைவிட நன்றாகக் கேட்டார்.

குற்றச்சாட்டோடு இணைத்திருந்த ஆவணங்கள் மூன்று: கேஸ் ஷீட், மருந்து கொடுத்த சார்ட், மகனின் புகார். வார்டில் அன்றிரவு எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைச் சொல்லும் தாள் ஒன்றுகூட அதில் கிடையாது. சென்சஸ் பதிவேடு, ரிப்போர்ட் புத்தகம், இண்டென்ட் புத்தகம், சாப்பாட்டுப் பதிவேடு நான்கையும் கேட்டோம். ‘குற்றச்சாட்டுக்குத் தொடர்பற்றவை’ என்று பதில் வந்தது. 2005-ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் என் கட்சிக்காரரே மனு போட்டார். 30 நாள் கெடு தாண்டி, மேல்முறையீடு செய்தபின் பிரதிகள் வந்தன. மற்ற நோயாளிகளின் பெயர்கள்மீது கறுப்பு மை பூசியிருந்தார்கள். நியாயம்தான், எனக்குப் பெயர்கள் தேவைப்படவில்லை.

நள்ளிரவு சென்சஸ் இரவு நர்ஸே எடுக்க வேண்டிய கணக்கு. அவர் கையெழுத்தில் இருந்தது: அனுமதிக்கப்பட்ட கட்டில் 40, இருப்பு 71. கற்பிக்கும் மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ், அதாவது ஒரு ஷிப்டுக்கு 9 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. இங்கே 71 பேருக்கு ஒருவர், 12 மணி நேரம். இண்டென்ட் புத்தகத்தில் ஸ்ட்ரிப் கேட்டு மூன்று வாரமாக எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எதிரே சிவப்பு மையில் ‘இருப்பு இல்லை’.

ரிப்போர்ட் புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் நான் அதிகம் நம்புகிற ஆவணம் அதுதான். கேஸ் ஷீட்டில் எழுதும் டாக்டருக்கு என்றைக்காவது கோர்ட் இதைப் பார்க்கும் என்ற ஞாபகம் எப்போதும் இருக்கும். ரிப்போர்ட் புத்தகம் காலையில் வரப்போகும் இன்னொரு சிஸ்டருக்காக எழுதப்படுவது. அதில் அலங்காரம் இருக்காது. அன்றைய பக்கங்களில் ஒருவருக்கு வலிப்பு, ஒரு ரத்தம் ஏற்றல், விஷம் குடித்தவருக்கு வயிறு கழுவியது, வராந்தாவில் ஒரு மரணம், அந்த உடலை எடுக்க ஆள் வராமல் இரண்டு முறை போன் செய்தது என்று வரிசையாக இருந்தது. ஒன்பதரைக்கும் மூன்றுக்கும் இடையில் அவர் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை நான் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் வழக்கைத் திருப்பியது பதிவேடு அல்ல, இறந்தவரின் மனைவி. அவரைத் துறைதான் தன் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தது. அழுதுவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதிக் கொடுத்த முதல் கேள்வி அவருடைய கணவரைப் பற்றியது அல்ல; எட்டு மணிக்கு மேல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது.

“வெளிய படிக்கட்டுலம்மா. ஆம்பளை வார்டுல ராத்திரி பொம்பளை ஆளு இருக்கக்கூடாதுன்னு செக்யூரிட்டி அனுப்பிட்டாரு.”

“அவர் சாப்பிட்டாரான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“எங்க சாப்பிட்டாரு? நான்தான் இட்லி வாங்கி மடியில வச்சிருந்தேன். உள்ள குடுத்துட்டு வந்துர்றேன்னு கேட்டேன். காலையில குடுத்துக்கலாம் போன்னுட்டாரு.”

மகன் ஸ்ட்ரெச்சரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணம் புரட்ட ஊருக்குக் கடைசி பஸ் ஏறியிருந்தார். ஆக, அந்த மனிதர் பட்டினி என்பது தெரிந்த ஒரே ஆள் கதவுக்கு வெளியே. இன்சுலின் போடப்பட்டது தெரிந்த ஒரே ஆள் உள்ளே. நடுவில் நின்ற செக்யூரிட்டி கான்ட்ராக்ட் கம்பெனி ஆள். அவரை யாரும் சாட்சிப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இத்தனையும் பதிவான பிறகும் அறிக்கை ஒரே பத்தியில் முடிந்தது. பணிச்சுமையைக் காரணமாக ஏற்க இயலாது, குற்றச்சாட்டு நிரூபணம். விசாரணை அதிகாரியும் அதே மருத்துவமனையைச் சேர்ந்தவர், 71 பேரை அவரும் தினம் பார்ப்பவர்தான். தண்டனை: இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், தொடர் விளைவுடன். இந்தக் கடைசி இரண்டு சொல்தான் விஷம். நிறுத்திய உயர்வு திரும்ப வராது. பென்ஷன்வரை வெட்டு தொடரும். மேல்முறையீடும் தள்ளுபடியானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட்டோம்.

துறை நடவடிக்கையில் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடை போடாது. நடைமுறை சரியா, ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, தண்டனை மனசாட்சியை உறுத்துகிறதா என்பதோடு நின்றுவிடும். நான் நம்பியிருந்தது 1979-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஜே. அகமது தீர்ப்பு. 1960-ல் அசாமின் நவ்காங்கில் கலவரம் நடந்தபோது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்த அதிகாரி அவர். திறமைக் குறைவையும் தவறான கணிப்பையும் அவற்றை மட்டுமே வைத்து ஒழுங்கீனம் என்று சொல்லிவிட முடியாது என்று அதில் முடிவானது.

அரசு வழக்கறிஞர் நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார். அதே தீர்ப்பில், ஒரு தடவை நடந்த கவனக்குறைவுகூட ஒழுங்கீனம் ஆகும் சந்தர்ப்பங்களுக்கு உதாரணம் கொடுத்திருப்பார்கள்: தூங்கிவிட்ட காவற்காரன், ரயில் நிற்கும் பாதையில் இன்னொரு ரயிலுக்கு சிக்னல் கொடுத்த கேபின்மேன். கூடவே, சதையில் போடவேண்டிய ஊசியை ரத்தக்குழாயில் போட்டு உடனடி மரணத்துக்குக் காரணமான ஒரு நர்ஸ். அந்தப் பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அந்த உதாரணத்தில் நர்ஸின் கைக்கும் மரணத்துக்கும் நடுவே யாரும் இல்லை. இங்கே நடுவில் ஸ்கேன் வரிசை, போய்விட்ட சாப்பாட்டு வண்டி, மூடிய கதவு, ஸ்ட்ரிப் இல்லாத மீட்டர் எல்லாம் இருக்கின்றன என்று வாதாடினேன். ஊசியைப் போட்டதும் என் கட்சிக்காரர் அல்ல என்றேன். நீதிபதி கேட்டுக்கொண்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “ரெஜிஸ்டர் ரெலவன்ட் இல்லைன்னு யார் முடிவு பண்ணினது?” என்று மட்டும் அரசுத் தரப்பைப் பார்த்துக் கேட்டார்.

அதற்குப் பதில் என் கையில் இருந்தது. இதற்கிடையில் மகனும் நஷ்ட ஈடு கேட்டு ரிட் போட்டிருந்தார். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைமீது நுகர்வோர் மன்றம் போக முடியாது என்பது 1995 வி.பி. சாந்தா தீர்ப்பிலிருந்து தெளிவு. அவருடைய வக்கீல் எனக்குப் பழக்கமானவர். தகவல் உரிமைப் பிரதிகளைக் கேட்டார். என் கட்சிக்காரரின் அனுமதி இல்லாமல் கொடுக்க முடியாது. அவரிடம் கேட்டபோது, அந்த வழக்கில் அவர் பெயரும் அடிபடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். “குடுங்க சார். அவங்களுக்கும் அது தெரியணும்ல” என்றார்.

மகனின் வழக்கில் அரசு போட்ட பதில் மனுவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அனுமதிக்கப்பட்ட கட்டில்களைப்போல ஒன்றே முக்கால் மடங்கு நோயாளிகள் இருந்தார்கள், இருந்த பணியாளர்களைக் கொண்டு இயன்றது செய்யப்பட்டது, நிர்வாகத்தின்மீது தவறில்லை என்று எழுதி, இணைப்பாக அந்த இரவின் சென்சஸ் பக்கத்தையே வைத்திருந்தார்கள். என் வழக்கில் தொடர்பற்றதாக இருந்த அதே பக்கம். அதைக் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்திருந்தேன். நீதிபதி அதை எடுத்து அரசு வழக்கறிஞரிடம் நீட்டினார். அவர் அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை.

தண்டனை ரத்தானது. ஆவணங்களைக் கொடுத்து, வேறு மருத்துவமனை அதிகாரியை வைத்துப் புதிதாக விசாரிக்க உத்தரவு. முழு விடுதலை கேட்டிருந்தேன், அது வரவில்லை. வந்திருக்கக்கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அந்த ஒன்பதரை மணிக் கேள்வி கேட்கப்படவில்லை என்பது உண்மைதானே. இரண்டாவது விசாரணை கண்டனத்தோடு முடிந்தது. மகனுக்கு நஷ்ட ஈடு உத்தரவானது. நிதி போதாது என்பது உயிர் காக்கும் கடமையிலிருந்து அரசை விடுவிக்காது என்று 1996-ல் மேற்கு வங்க வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவருடைய வக்கீல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பணம் கைக்கு வர, அவமதிப்பு மனு ஒன்றும் தேவைப்பட்டது.

ஊதிய உயர்வு அரியர் வந்த பிறகு, மீதி ஃபீஸைக் கொடுக்க என் கட்சிக்காரர் வந்தார். கூடவே அந்த மாலை ஷிப்ட் நர்ஸின் போன் நம்பரையும் கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். எதிர்த்து வழக்குப் போட முதலில் ஓர் உத்தரவு வேண்டும். அவருக்கு எழுத்தில் எதுவும் தரவில்லை. போன் செய்தேன். திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார், டியூட்டியில். சம்பளம் பரவாயில்லை என்றார், வழக்கு வேண்டாம் என்றார், பெட்டில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.